தலையீத்து ஆடு குட்டிக்குப் போதிய பால் கொடுக்கிறதா?

முதன்முறையாகக் குட்டி போடும் வெள்ளாட்டைத் தலையீத்து ஆடு என்று கிராமங்களில் சொல்வார்கள். அது குட்டி போட்ட வீட்டில் மறுநாளே எழும் கேள்வி, "குட்டிக்குப் பால் காணுதா?" என்பதுதான். மடி சிறுத்துத் தெரிகிறது. குட்டி பால் குடிப்பதை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் அரை நிமிடம் முட்டிவிட்டு விலகிவிட்டது என்கிறார்கள். இதைக் கேட்டுச் சிலர் பதறிப்போய் அன்றே புட்டிப்பால் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வேறு சிலர், "தாய் பார்த்துக்கொள்ளும்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே சில வேளைகளில் கெடுதலாக முடிகின்றன. தேவையில்லாத புட்டிப்பால் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கிறது. கவனிக்காமல் விட்டாலோ இரண்டாம் நாள் இரவே குட்டி இறந்துபோகக்கூடும்.

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். பொலிவுக்கு விட்டது முதல் ஐந்து மாதம் தீவனமும் கவனிப்பும் கொடுத்துப் பெற்ற குட்டி இறந்தால், அடுத்த குட்டிக்கு மறுபடியும் அரை ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். இருபது முப்பது ஆடு வைத்திருப்பவர் இந்த நட்டத்தைத் தாங்கிக்கொள்வார். இரண்டு ஆட்டை நம்பிப் பள்ளிக்கூடச் செலவையும் மருத்துவச் செலவையும் பார்க்கும் குடும்பத்துக்கு ஒரு குட்டியின் இழப்பு பெரிய இழப்பு. பாலில்லாமல் சாகும் குட்டிகளில் பெரும்பாலானவற்றை மருந்து எதுவும் இல்லாமலே காப்பாற்ற முடியும். எதைப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முதல் ஒரு மணி நேரம்

குட்டி போட்டவுடன் சுரக்கும் மஞ்சள் நிறக் கெட்டிப்பால் சீம்பால் எனப்படும். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்களில் ஒரு பகுதி கருப்பையில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாகச் சென்றுவிடுகிறது. ஆடு மாடுகளில் அவ்வாறு செல்வதில்லை. ஆட்டுக்குட்டி ஏறத்தாழ எந்த எதிர்ப்புச் சக்தியும் இல்லாமலே பிறக்கிறது. அந்தச் சக்தி முழுவதும் சீம்பால் மூலமாகவே அதற்குக் கிடைக்க வேண்டும்.

இதற்கும் காலவரை உண்டு. பிறந்த சில மணி நேரம் மட்டுமே குட்டியின் குடல், சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் பொருள்களை அப்படியே இரத்தத்துக்குள் விடுகிறது. நேரம் ஆக ஆக இந்த வழி அடைபட்டு, 24 மணி நேரத்தில் அநேகமாக மூடிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது உணவாகப் பயன்படுமே தவிர, நோயைத் தடுக்கப் பயன்படாது. எனவே பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் குட்டியின் வயிற்றுக்குள் போய்ச் சேர வேண்டும். பிந்தினாலும் இரண்டு மணியைத் தாண்டவிடக் கூடாது.

அளவு எவ்வளவு? ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஒரு வேளைக்குச் சுமார் 50 மி.லி. வீதம், முதல் நாளில் நான்கு வேளைக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும். 2 கிலோ எடையுள்ள குட்டிக்கு வேளைக்கு 100 மி.லி. வீதம், முதல் நாளில் ஏறத்தாழ 400 மி.லி. ஆகிறது. தாயிடம் தானே குடிக்கும் குட்டி இதைப் பல சிறு தவணைகளாகக் குடித்துக்கொள்ளும்.

குட்டி எழுந்து நின்றதும் தாயின் இரு காம்புகளையும் இரண்டு மூன்று முறை பீச்சிப் பார்ப்பது நல்லது. காம்பு நுனியில் மெழுகு போன்ற அடைப்பு இருக்கும். பலமான குட்டி அதை உறிஞ்சி எடுத்துவிடும். நோஞ்சான் குட்டியால் முடியாது. பசியோடு முட்டி முட்டிப் பார்த்துச் சோர்ந்து படுத்துவிடும். "ஆட்டுக்குப் பாலே இல்லை" என்று முடிவு செய்யப்படும் சில ஆடுகளில் உண்மையில் இருப்பது இந்த அடைப்புத்தான். இருபுறமும் பால் வருகிறது என்று கண்ணால் கண்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

நஞ்சுக்கொடி விழக் காத்திருக்கலாமா?

நஞ்சுக்கொடி விழும்வரை குட்டியைப் பால் குடிக்க விடக் கூடாது என்ற பழக்கம் பல ஊர்களில் இன்றும் இருக்கிறது. கொடி சாதாரணமாகச் சில மணி நேரத்தில் விழுந்துவிடும். சில ஆடுகளில் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். அதுவரை குட்டியைப் பட்டினி போட்டால் சீம்பாலின் பயன் பெருமளவு போய்விடுகிறது.

உண்மையில் கொடி விழுவதற்கே குட்டி பால் குடிப்பது உதவுகிறது. குட்டி காம்பைச் சப்பும்போது தாயின் மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்ஸிடாஸின் என்னும் ஊக்குநீர் இரத்தத்தில் கலக்கிறது. இது மடியில் பாலை இறங்கச் செய்கிறது. கருப்பையையும் சுருங்கச் செய்கிறது. கருப்பை சுருங்கினால்தான் கொடி வெளியே வரும். ஆகவே முதலில் குட்டி குடிக்கட்டும். கொடி தானே விழும்.

சீம்பாலைக் கறந்து வீட்டில் திரட்டுப் பாலாகக் காய்ச்சும் வழக்கமும் உண்டு. மாட்டில் கன்று குடித்தது போக மிஞ்சும். தலையீத்து ஆட்டில் மிஞ்சுவது அரிது. அதைக் குட்டிக்கே விட்டுவிட வேண்டும்.

தாய் குட்டியை அறிவது எப்படி?

தலையீத்து ஆட்டுக்கும் மூன்று நான்கு முறை ஈன்ற ஆட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு பழக்கம். புதிய தாய், தன்னிடமிருந்து விழுந்த ஈரமான பொருளைக் கண்டு மிரண்டு விலகும். குட்டி மடியைத் தேடி வரும்போது, அதை முகர்ந்து பார்க்கத் திரும்பித் திரும்பி வட்டமிடும். குட்டியால் காம்பைப் பிடிக்க முடியாது. இது வெறுப்பு அல்ல. பழகாததால் வரும் தடுமாற்றம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பாலான ஆடுகள் அடங்கி நின்றுவிடுகின்றன.

ஆடு தன் குட்டியை முதலில் அறிவது வாசனையால்தான். நக்கும்போது குட்டியின் மணம் அதன் நினைவில் பதிகிறது. இது எவ்வளவு விரைவில் நடக்கிறது என்பதை அமெரிக்காவில் பீட்டர் கிளாப்ஃபரும் அவருடன் பணி செய்தவர்களும் 1964-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குட்டி பிறந்தவுடன் ஐந்து நிமிடமே அதனுடன் இருந்த தாய்கள், பிறகு ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் வரை பிரித்து வைக்கப்பட்டும் பெரும்பாலும் தம் குட்டியை ஏற்றுக்கொண்டன. பிறந்த உடனே குட்டி பிரிக்கப்பட்ட தாய்களோ அதைப் பெரும்பாலும் ஏற்கவில்லை.

இதிலிருந்து ஆடு வளர்ப்போர் அறிய வேண்டியது ஒன்று. பிறந்த குட்டியை உடனே எடுத்துக்கொண்டு போய்க் கழுவுவதும், துணியால் முழுக்கத் துடைப்பதும், பிள்ளைகள் மாறி மாறித் தூக்கி வைத்துக்கொள்வதும் கூடாது. மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை மட்டும் துடைத்துவிட்டு, குட்டியைத் தாயின் முகத்தருகே வைக்க வேண்டும். தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் தடவிவிட்டு, மனிதர்கள் சற்று விலகி நிற்க வேண்டும். நாயை அருகில் விடக் கூடாது. மிரண்ட ஆட்டின் உடலில் சுரக்கும் அட்ரினலின், பால் இறங்குவதைத் தடுத்துவிடும். மடியில் பால் இருந்தும் குட்டிக்குக் கிடைக்காது.

மந்தையிலிருந்து பிரித்து, நான்கடிக்கு நான்கடி அளவுள்ள ஒரு மூலையைத் தட்டி கட்டி மறைத்து, தாயையும் குட்டியையும் இரண்டு மூன்று நாட்கள் அங்கே வைத்தால் போதும். மற்ற ஆடுகளின் தொந்தரவு இல்லாமல் இரண்டும் பழகிக்கொள்ளும்.

மடி சிறுத்திருந்தால் பால் இல்லை என்று பொருளா?

தலையீத்து ஆட்டின் மடி எப்போதும் சிறியதாகவே இருக்கும். முதல் ஈத்தைவிட மூன்றாவது நான்காவது ஈத்துகளில்தான் பால் அதிகமாகச் சுரக்கும். எனவே பழைய ஆட்டின் மடியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தவறு.

அதோடு, பிறந்த சில நாட்களில் குட்டி ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறைக்கு மேலும் பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் கூட ஆகாது. இரவிலும் குடிக்கும். மனிதர் கண்ணில் படுவது இவற்றில் சிலவே. அடிக்கடி குடிப்பதால் மடி தொங்கி, தளர்ந்தே காணப்படும். தளர்ந்த மடியும் கொழுகொழுவென்ற குட்டியும் இருந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று கொள்ளலாம்.

மாறாக, பால் கட்டி விறைத்துப் பளபளக்கும் மடியைக் கண்டு மகிழ வேண்டாம். அதில் பால் இருக்கிறது; குட்டி குடிக்கவில்லை என்பதே அதன் பொருள். ஒரு பக்க மடி தளர்ந்தும் மறுபக்கம் விம்மியும் இருந்தால், குட்டி ஒரே காம்பில் குடிக்கிறது என்று அறியலாம். விம்மிய பக்கத்துக் காம்பு பருத்துக் குட்டியின் வாய்க்கு அடங்காமல் இருக்கலாம். அல்லது தாழத் தொங்கலாம். அந்தப் பக்கத்தைப் பாதியளவு பீச்சித் தளர்த்திவிட்டு, குட்டியின் வாயை அதில் வைத்துப் பழக்க வேண்டும்.

மடியைத் தொட்டுப் பார்ப்பதும் அவசியம். சூடு, சிவப்பு, கல் போன்ற கெட்டித்தன்மை, தொட்டால் ஆடு துள்ளுதல், பாலில் திரி அல்லது இரத்தம், இவற்றில் எது இருந்தாலும் மடிநோய் என்று சந்தேகிக்க வேண்டும். குட்டியை உதைத்துத் தள்ளும் தாயைத் திட்டுவதற்கு முன் மடியில் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குட்டிகளுக்குக் கீழ்த்தாடையில் பால்பற்கள் இருப்பதால், சில ஆடுகளில் காம்பில் கீறல் விழுந்து அதனாலும் உதைக்கும்.

குட்டியின் வயிறு சொல்லும் சேதி

தாயின் மடியைவிடக் குட்டியின் வயிறு நம்பத்தக்க சாட்சி. குட்டியை நிற்க வைத்து, இரு கைகளாலும் விலாவுக்குப் பின்னால் வயிற்றை மெல்லப் பிடித்துப் பார்க்க வேண்டும். பால் குடித்த குட்டியின் வயிறு இருபுறமும் நிறைந்து, மெத்தென்று இருக்கும். பசித்த குட்டியின் வயிறு உள்வாங்கி, விலாவுக்கும் தொடைக்கும் நடுவே குழி விழுந்திருக்கும். தோல் தளர்ந்து சுருங்கும். ஒரு முறை நிறைந்த வயிற்றையும் ஒரு முறை வெறும் வயிற்றையும் தொட்டுப் பழகியவர் இருட்டிலும் வேறுபாட்டைக் கண்டுகொள்வார்.

அடுத்து வாய். சுத்தமான விரலை வாய்க்குள் விட்டால் கதகதப்பாக இருக்க வேண்டும்; குட்டி விரலைப் பலமாகச் சப்ப வேண்டும். வாய் குளிர்ந்திருந்தால் அபாயம் நெருங்கிவிட்டது. குட்டியின் சரியான உடல் வெப்பம் ஆசனவாயில் 102 முதல் 104 டிகிரி ஃபாரன்ஹீட். பிறந்த குட்டியின் உடலில் இருக்கும் கொழுப்புச் சேமிப்பு மிகக் குறைவு. சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். பால் கிடைக்காவிட்டால் உடல் குளிரும்; குளிர்ந்த குட்டிக்குச் சப்பும் பலம் இராது; சப்பாததால் இன்னும் குளிரும். மழைக்கால இரவுகளில் குட்டிகள் சாவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான்.

குட்டியின் கழிவையும் கவனிக்கலாம். முதலில் கறுப்பாக, பிசின் போல மலம் போகும். பால் வயிற்றில் சேர்ந்தபின் ஓரிரு நாட்களில் அது மஞ்சளாக மாறும். மஞ்சள் மலமும் அடிக்கடி சிறுநீரும் போனால் பால் உள்ளே போகிறது என்று உறுதியாகக் கொள்ளலாம்.

கத்தும் குட்டியும் கத்தாத குட்டியும்

குட்டி கத்துவதெல்லாம் பசியால் அல்ல. தாய் கண்ணுக்கு மறைந்தால் கத்தும். தூங்கி எழுந்தால் ஒரு முறை கத்தும். தாய் பதில் குரல் கொடுத்து, குட்டி போய் முட்டி, வாலை வேகமாக ஆட்டிக்கொண்டு குடித்தபின் அமைதியானால் குறை எதுவும் இல்லை. வயிறு நிறைந்த குட்டி சுருண்டு படுத்து நன்றாகத் தூங்கும். எழுப்பினால் முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கும். சோம்பல் முறிக்கும் குட்டி நலமான குட்டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

குடித்து முடித்த சிறிது நேரத்திலேயே மறுபடி கத்துவதும், காம்புக்குக் காம்பு மாறி மாறி ஓடுவதும், மற்ற ஆடுகளின் மடியைத் தேடுவதும், சுவரையும் கயிற்றையும் சப்புவதும் பால் போதாமையைக் காட்டும். முதுகைக் கூனிக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டு, மூலையில் நிற்கும் குட்டி அதைவிட மோசமான நிலையில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் அபாயமானது, நேற்று கத்திய குட்டி இன்று வயிறு நிறையாமலே அடங்கிப்போவது. "அழுகை நின்றுவிட்டது, பழகிவிட்டது" என்று பலர் நிம்மதி அடைவது இந்த நேரத்தில்தான். கத்துவதற்கே பலமில்லாமல் போனதன் அறிகுறி அது. வாயில் விரல் விட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இங்கு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளாட்டுக்குட்டி பிறந்த முதல் சில நாட்கள் ஒதுக்குப்புறமாகப் படுத்துக் கிடப்பது இயல்பு. காட்டில் வாழ்ந்த காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. குட்டி மறைவாகப் படுத்திருக்க, தாய் மேய்ந்துவிட்டு வந்து பால் கொடுக்கும். எனவே படுத்திருப்பதை மட்டும் கண்டு பயப்பட வேண்டியதில்லை. வயிறும் வாயும் சரியாக இருந்தால் குட்டி ஓய்வெடுக்கிறது என்றே கொள்ளலாம்.

தராசே நடுவர்

கண்ணும் கையும் சொல்வதைத் தராசு உறுதிப்படுத்தும். குட்டியை ஒரு துணிப்பையில் தலை வெளியே தெரியும்படி வைத்துத் தொங்கு தராசில் நிறுக்கலாம். பிறந்தவுடன் ஒரு முறை, பிறகு நாள்தோறும் காலையில் அதே நேரத்தில் ஒரு முறை நிறுத்து, சுவரில் கரியால் குறித்து வைத்தாலும் போதும். முதல் நாளில் எடை சிறிது குறையலாம். அதன்பின் நம் நாட்டு இனக் குட்டிகள் நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 100 கிராம் வரை கூட வேண்டும். 2 கிலோ எடையில் பிறந்த குட்டி, ஒரு மாத அளவில் ஏறத்தாழ இரட்டிப்பு எடையை எட்ட வேண்டும். தொடர்ந்து இரண்டு நாட்கள் எடை கூடவில்லையென்றால் பால் போதவில்லை என்று முடிவு செய்யலாம்.

ஒரு வேளையில் எவ்வளவு குடிக்கிறது என்றும் அறியலாம். குட்டியை மூன்று மணி நேரம் பிரித்து வைத்து, நிறுத்துவிட்டுத் தாயிடம் விட வேண்டும். குடித்து முடித்ததும், சிறுநீர் போவதற்கு முன், மறுபடி நிறுக்க வேண்டும். 50 கிராம் கூடியிருந்தால் 50 கிராம் பால் உள்ளே போயிருக்கிறது. மூன்று மணிக்கு ஒரு முறை என்றால் நாளொன்றுக்கு 400 கிராம் ஆகிறது. முதல் வாரங்களில் குட்டிக்குத் தன் எடையில் 15 முதல் 20 சதம் வரை நாள்தோறும் பால் தேவை. 2 கிலோ குட்டிக்கு 300 முதல் 400 கிராம் வரை. ஆகவே அந்தக் குட்டிக்குப் பால் போதுகிறது. 10 அல்லது 15 கிராம் மட்டுமே கூடியிருந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

தாய் உதைத்தால் என்ன செய்வது?

மடிநோயும் காம்புப் புண்ணும் இல்லை என்று பார்த்துக்கொண்டபின், தாயைச் சுவரோரமாக நிறுத்திக் கழுத்துப் பட்டையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். முகத்தின் முன்னே அகத்தித் தழையோ சிறிது அடர்தீவனமோ வைக்கலாம். மற்றவர் குட்டியைத் தாயின் பக்கவாட்டில், அதன் வால் தாயின் முகத்தை நோக்கி இருக்குமாறு நிறுத்த வேண்டும். தாய் குட்டியின் வாலடியை முகர்ந்துதான் அடையாளம் காணும். காம்பில் ஒரு துளி பாலைப் பீச்சிக் குட்டியின் உதட்டில் தடவினால் அது தானே பற்றிக்கொள்ளும். ஆடு அதிகமாக உதைத்தால் ஒரு பின்னங்காலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொள்ளலாம். அடிக்கக் கூடாது. அடிபட்ட ஆடு குட்டியைக் கண்டாலே மிரளும்.

பகலிலும் இரவிலும் மூன்று மணிக்கு ஒரு முறை இவ்வாறு செய்ய வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் பெரும்பாலான தலையீத்து ஆடுகள் தாமே நின்று பால் கொடுக்கப் பழகிவிடுகின்றன. மடியின் இறுக்கம் குறைவதால் தாய்க்கும் சுகம் உண்டாகிறது. அந்தச் சுகமே அதைக் குட்டியிடம் இழுக்கிறது.

குட்டியிடமும் குறை இருக்கலாம். குடிக்கும்போது மூக்கு வழியே பால் வந்தால் மேல்வாயில் பிளவு இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டும். குறைமாதக் குட்டிக்குச் சப்பும் பலம் குறைவாக இருக்கும். இவற்றில் தாயின் மேல் பழி இல்லை.

மேய்ச்சலும் வீட்டுப் பாலும்

தாயிடம் பால் இருந்தும் குட்டி மெலிவதற்குக் காரணம் சில சமயம் வீட்டிலேயே இருக்கிறது. காலையில் தேநீருக்கு என்று ஓர் ஆழாக்குப் பாலைக் கறந்துகொண்டு, குட்டியைக் கூடாப்பில் மூடிவிட்டு, தாயை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்கிறார்கள். மாலையில்தான் தாய் திரும்பி வருகிறது. எட்டு மணி நேரம் குட்டி பட்டினி. பிறந்த ஒரு வாரக் குட்டிக்கு இது பெரிய சோதனை.

முதல் மூன்று நான்கு நாட்கள் தாயை வெளியே ஓட்டாமல் கொட்டிலிலேயே தழை கொடுக்க வேண்டும். அதன்பின் இரண்டு வாரம் வரை அருகிலேயே மேயவிட்டு, நடுப்பகலில் ஒரு முறையேனும் குட்டியிடம் கொண்டுவர வேண்டும். முதல் மாதத்தில் தலையீத்து ஆட்டின் மடியில் வீட்டாருக்குப் பங்கு இல்லை என்று வைத்துக்கொள்வதே இலாபம். அந்த ஆழாக்குப் பால் குட்டியின் உடம்பில் எடையாக ஏறினால், விற்கும்போது அதைவிடப் பல மடங்கு திரும்பி வரும்.

இரட்டைக் குட்டி பிறந்தால்

கன்னி ஆடு போன்ற இனங்களில் இரட்டைக் குட்டி சாதாரணம். மேலே சொன்ன கணக்குப்படி தலா 2 கிலோ எடையுள்ள இரு குட்டிகளுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 600 முதல் 800 கிராம் பால் வேண்டும். தலையீத்து நாட்டு ஆடுகள் பலவற்றில் இது சுரப்பதில்லை. இரட்டையில் ஒன்று பெருத்தும் ஒன்று சிறுத்தும் போவது இதனால்தான். பலமான குட்டி முதலில் குடித்துவிடும். மெலிந்ததற்கு மிச்சமே கிடைக்கும்.

இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். மெலிந்த குட்டியை முதலில் குடிக்கவிட்டு, பிறகு மற்றதை விடலாம். அப்படியும் எடை கூடாவிட்டால் புட்டிப்பால் துணைக்கு வர வேண்டும். ஒரு குட்டியை முழுக்கப் பிரித்துவிடாமல், இரண்டையும் தாயிடம் விட்டு, மெலிந்ததற்கு மட்டும் கூடுதலாகக் கொடுப்பது நல்லது.

புட்டிப்பால் கொடுக்கும் முறை

குளிர்ந்துபோன குட்டிக்கு எடுத்த எடுப்பில் பால் புகட்டக் கூடாது. விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் உடலை உலர்த்தி, சாக்கு சுற்றி, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகே வைத்துச் சூடேற்ற வேண்டும். வாய் கதகதப்பாகி விரலைச் சப்பத் தொடங்கியபின் பால் கொடுக்கலாம்.

முதல் நாளாயின் சீம்பாலே வேண்டும். தாயிடம் பீச்சியது, அது இல்லாவிட்டால் அன்று ஈன்ற வேறு ஆட்டின் சீம்பால், அதுவும் இல்லாவிட்டால் பசுவின் சீம்பால் என்ற வரிசையில் பயன்படுத்தலாம். சீம்பாலைக் காய்ச்சக் கூடாது. திரண்டுவிடும், அதன் எதிர்ப்புப் பொருளும் கெடும். வெதுவெதுப்பான நீருள்ள பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடுகளில், நன்றாகப் பால் உள்ள ஆட்டின் உபரிச் சீம்பாலைச் சிறு புட்டிகளில் உறைய வைத்துப் பல மாதங்கள் காக்கலாம்.

இரண்டாம் நாள் முதல் ஆட்டுப்பாலோ, காய்ச்சி ஆற்றிய பசும்பாலோ கொடுக்கலாம். தண்ணீர் கலக்கக் கூடாது. வயிறு நிறையும், உடம்பு தேறாது. தாயிடம் பால் அறவே இல்லையென்றால் 2 கிலோ குட்டிக்கு வேளைக்கு 50 முதல் 70 மி.லி. வீதம் நாளைக்கு ஐந்தாறு வேளை தேவைப்படும். தாயிடம் ஓரளவு குடிக்கும் குட்டிக்கு, முதலில் தாயிடம் விட்டு, பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குறைவதை மட்டும் கொடுக்க வேண்டும். குட்டி நின்றபடி, தாயிடம் குடிப்பது போலத் தலையைச் சற்று உயர்த்திக் குடிக்க வேண்டும். மல்லாத்திப் போட்டுப் புகட்டக் கூடாது. ஒரேயடியாக வயிறு விம்மக் கொடுத்தால் கழிச்சல் வரும். புட்டியையும் இரப்பரையும் ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவ வேண்டும்.

பால் சுரப்பது தாயின் வாயில்தான்

முதல் ஈத்தில் ஆடு தானும் வளர்ந்துகொண்டு குட்டிக்கும் பால் கொடுக்கிறது. மேய்ச்சலை மட்டும் நம்பினால் இரண்டும் குறைப்படும். ஈன்றவுடன் வெல்லம் கலந்த வெதுவெதுப்பான நீர் கொடுக்கலாம். அதன்பின் அகத்தி, சூபாபுல், வேலிமசால் போன்ற புரதம் மிக்க தழைகளோடு, மக்காச்சோளம் அல்லது கம்பு, கடலைப் பிண்ணாக்கு, தவிடு ஆகியவை கலந்த அடர்தீவனம் நாளைக்கு 200 முதல் 300 கிராம் வரை கொடுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் முழு அளவையும் கொடுக்காமல் ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். திடீரென்று தானியம் அதிகமானால் வயிறு புளித்து ஆடே படுத்துவிடும். தாது உப்புக் கலவையும் சிறிது சேர்க்க வேண்டும்.

தண்ணீரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாலில் பெரும்பகுதி தண்ணீரே. பால் கொடுக்கும் ஆட்டின் முன் நாள் முழுவதும் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். கோடையில் தண்ணீர் குறைந்தால் அன்று மாலையே பால் குறையும்.

மருத்துவரிடம் எப்போது?

பிறந்து இரண்டு மணி நேரமாகியும் எழுந்து நிற்காத குட்டி, சூடேற்றியும் சப்பாத குட்டி, உடல் வெப்பம் 100 டிகிரிக்குக் கீழே இறங்கிய குட்டி ஆகியவற்றைத் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாயைப் பொறுத்தவரை, 12 மணி நேரத்துக்கு மேலும் நஞ்சுக்கொடி விழாமல் இருப்பது, 104 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தீனி எடுக்காமல் படுத்துவிடுவது, மடி சூடாகிக் கெட்டியாவது, பால் திரிந்து வருவது ஆகியவை மருத்துவரின் வேலை. கொடியைக் கையால் பிடித்து இழுப்பதும், பால் இறங்குவதற்கான ஊசியைத் தாமே வாங்கிப் போடுவதும் ஆட்டுக்கே ஆபத்தாக முடியும்.

அடுத்த ஈத்துக்கு முன்

தலையீத்தில் பால் போதாமைக்கு வித்து, ஆட்டைப் பொலிவுக்கு விட்ட அன்றே ஊன்றப்படுகிறது. வயது வந்துவிட்டது என்று மட்டும் பார்க்காமல், அதன் இனத்தில் வளர்ந்த பெட்டையின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது ஏறியபின்தான் சினைப்படுத்த வேண்டும். வளர்ந்த பெட்டை 30 கிலோ இருக்கும் இனமானால், 20 கிலோவாவது வந்திருக்க வேண்டும். சினையின் கடைசி ஆறு வாரத்தில் அடர்தீவனம் கூட்டிக் கொடுத்தால் மடி நன்றாக இறங்கும். குட்டியும் எடையோடு பிறக்கும். ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு முன், மருத்துவரின் யோசனைப்படி துள்ளுமாரித் தடுப்பூசி போட்டால், அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியே குட்டிக்கும் சேரும்.

முதல் ஈத்தில் தடுமாறிய ஆட்டை உடனே சந்தைக்கு ஓட்டிவிட வேண்டியதில்லை. இரண்டாவது ஈத்தில் நல்ல தாயாக நிற்கும் ஆடுகள் ஏராளம். நல்ல தீனியும் அமைதியான இடமும் கிடைத்தும், இரண்டு ஈத்திலும் குட்டியைச் சேர்க்காத ஆட்டை மட்டுமே கழிக்க வேண்டும்.

குட்டி போட்ட முதல் மூன்று நாட்கள், காலை, நடுப்பகல், மாலை, படுக்கப் போகும் முன் என்று நான்கு முறை குட்டியின் வயிற்றைத் தொட்டு, வாயில் விரல் விட்டுப் பார்த்துவிட வேண்டும். ஒரு முறைக்கு இரண்டு நிமிடம் போதும். வயிறு நிறைந்து, வாய் கதகதப்பாக இருந்தால் தாயையும் குட்டியையும் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடலாம். இல்லையென்றால் விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே குட்டியைக் காம்பில் சேர்க்க வேண்டும்.